வாராந்திர ஓய்வு நாளான சப்பாத்தில் யூதர்கள் சூடாகச் சாப்பிடுவதில்லையா?

"யூதர்கள் சனிக்கிழமை நெருப்பைத் தொடக் கூடாது; அதனால் சப்பாத் முழுக்க ஆறிப்போன சாப்பாடுதான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதி கிட்டத்தட்ட சரி. இரண்டாம் பாதி தவறு. ஒரு சமூகத்தின் விருந்து நாளை நோன்பு நாள் போலக் காட்டுவது நியாயமில்லை.

வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை தீ மூட்டுவதும் சமைப்பதும் தடை. ஆனால் முன்பே மூட்டிய தீ எரியலாம். அதன்மேல் முன்பே ஏற்றிய சட்டியும் இருக்கலாம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இதற்கு விதிகளே வகுத்திருக்கிறது. அடுப்பிலிருந்து கங்குகளை வாரிவிட வேண்டும், அல்லது சாம்பலால் மூட வேண்டும். யாராவது மறதியாகத் தணலைக் கிளறிவிடக் கூடாதே என்பதுதான் காரணம். இன்று பல வீடுகளில் அடுப்பை ஓர் உலோகத் தகட்டால் மூடி, அதன்மேல் பாத்திரத்தை வைப்பது இதன் தொடர்ச்சி. சப்பாத் தொடங்கும் முன் சட்டியைத் துணியிலோ புறா இறகிலோ பொதிந்தும் வைக்கலாம். தானே சூட்டைக் கூட்டும் சாணத்திலோ சுண்ணாம்பிலோ புதைப்பது மட்டும் கூடாது.

சோலண்ட் என்ற பண்டம் இந்த விதிகளை ஒட்டி வந்ததுதான். இறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு எல்லாம் இரவு முழுக்க இளஞ்சூட்டில் கிடந்து, குழைந்து, சனி மதியம் ஆவி பறக்கத் தட்டுக்கு வரும்.

அப்புறம், ரபிகளின் (யூத மத அறிஞர்களின்) விளக்கத்தை ஏற்காத காராயிட் பிரிவினர்தான் முற்காலத்தில் சப்பாத்தில் வீட்டில் தீ எரிவதையே தவிர்த்தார்கள். 12-ஆம் நூற்றாண்டு ரபி செரஹியா ஹலேவியோ, அன்று சூடாகச் சாப்பிடாதவரின் நம்பிக்கையையே சந்தேகிக்க வேண்டும் என்று எழுதினார்.