ரீகனை அவர் கட்சியே தோற்கடித்தது

அமெரிக்க அதிபர் ஒரு மசோதாவை வீட்டோ செய்துவிட்டால், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டால், அதோடு எல்லாம் முடிந்தது என்று நம் தொலைக்காட்சி விவாதங்களில் அடித்துச் சொல்கிறார்கள். முடிவதில்லை. மசோதா எந்த அவையில் பிறந்ததோ அங்கேயே ஆட்சேபங்களோடு திரும்பி வருகிறது. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மறுபடி ஆதரித்தால் அதிபரின் கையெழுத்து இல்லாமலே சட்டமாகிவிடும்.

இந்தக் கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான். நான் பெரிதாக நினைப்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் அதே பிரிவில் உள்ள இன்னொரு நிபந்தனையை. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது பெயரோடு அவைக்குறிப்பில் ஏற வேண்டும். ‘ஏற்போர் ஆம் என்க’ என்று கேட்டு, எழும் இரைச்சலை வைத்து முடிவு சொல்லும் வேலை அங்கே நடக்காது.

1986-ஐப் பாருங்கள். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் மீது பொருளாதாரத் தடை விதிக்கும் மசோதா. புதிய முதலீடு கூடாது. நிலக்கரி, யுரேனியம், இரும்பு, எஃகு வாங்கக் கூடாது. தென்னாப்பிரிக்க விமானங்கள் இறங்கக் கூடாது. செப்டம்பர் 26 அன்று அப்போதைய அதிபர் ரீகன் அதை வீட்டோ செய்தார். தென்னாப்பிரிக்க வெளியுறவு அமைச்சர் பிக் போத்தா, செனட்டர்களையே தொலைபேசியில் பிடித்து, தடை வந்தால் உங்கள் தானியத்தை வாங்க மாட்டோம் என்று மிரட்டிப் பார்த்தார். என்ன துணிச்சல்!

பலிக்கவில்லை; வீட்டோ முறியடிக்கப்பட்டது. பிரதிநிதிகள் சபையில் 313–83. அக்டோபர் 2 அன்று செனட்டில் 78–21. அப்போது செனட் ரீகனின் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. அந்த 78 பேரில் 31 பேர் அவர் கட்சிக்காரர்கள். முன்னின்று நடத்திய வெளியுறவுக் குழுத் தலைவர் ரிச்சர்ட் லூகரும் அதே கட்சிதான். எல்லோரும் மனசாட்சிக்காகக் கை தூக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழக வளாகங்களில் போராட்டம், தூதரக வாசலில் கைதுகள், அடுத்த மாதமே தேர்தல். நிறவெறிக்குத் துணைபோனவர் என்று பதிவேட்டில் பெயர் நிற்பதை யார் விரும்புவார்? அந்தப் பயம் நல்ல பயம்.

இங்கே 1985-லேயே கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டது. குதிரை பேரத்தைத் தடுக்கத்தான் வந்தது, சரி. ஆனால் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம் என்ற நிலையில், சொந்தக் கட்சித் தலைவருக்கு எதிராக வாக்களிக்கும் லூகர் எங்கிருந்து வருவார்?

அமெரிக்காவிலும் அந்தத் துணிச்சல் வற்றித்தான் போயிருக்கிறது. 2019-இல் எல்லைச் சுவருக்காக டிரம்ப் அறிவித்த நெருக்கடி நிலையை ரத்து செய்யும் தீர்மானம் வீட்டோவுக்குப் பின் பிரதிநிதிகள் சபைக்குத் திரும்பியது. ஆதரவு 248, எதிர்ப்பு 181. இன்னும் 38 வாக்குகள் வேண்டியிருந்தன. அவர் கட்சியிலிருந்து வந்தவர்கள் 14 பேர்தான். அந்த முதல் பதவிக்காலத்தில் அவருடைய வீட்டோ ஒரே ஒருமுறை முறியடிக்கப்பட்டது: பாதுகாப்புத் துறை மசோதா, 2021 ஜனவரி 1, செனட்டில் 81–13. அவர் வெள்ளை மாளிகையைக் காலி செய்ய மூன்று வாரம்கூட இல்லாதபோதுதான் அவர்களுக்கு முதுகெலும்பு முளைத்தது.