'சிந்தடிக்' என்ற ஒரே சொல்லை வைத்து இன்னும் எத்தனை நாள் விற்பார்கள்?

வேட்டைத் துப்பாக்கியின் கட்டை (ஸ்டாக்), மரத்தாள்களை ஒட்டிச் செய்த லேமினேட் நல்லதா, செயற்கைப் பொருளான சிந்தடிக் நல்லதா என்று யார் கேட்டாலும் அதே தேய்ந்த பதில்தான் வந்து விழுகிறது: "மழையில் போகிறவருக்கு சிந்தடிக், அழகு பார்ப்பவருக்கு லேமினேட்." கேட்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. இதில் இரண்டு பாதியும் தப்பு. இதை நம்பி வாங்குகிறவர் குறி தவறும்போதெல்லாம் தோட்டாவையும் ஸ்கோப்பையும் மாற்றிக்கொண்டே இருப்பார். கோளாறு கையில் பிடித்திருக்கும் கட்டையில் இருக்கும்.

சிந்தடிக் என்றால் எது? அச்சில் உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக்குக்கும் அதே பெயர். கண்ணாடி இழைத் துணியில் எப்பாக்ஸி தடவிக் கையால் அடுக்கியதற்கும் அதே பெயர். கார்பன் ஃபைபர் ஓட்டுக்குள் நுரை நிரப்பியதற்கும், நடுவில் அலுமினியச் சட்டம் ஓடுகிறதற்கும் அதே பெயர்தான். விறைப்பு, எடை, விலை எதை எடுத்தாலும் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விற்பனைக் குறிப்பில் மட்டும் 'சிந்தடிக்' என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். என்ன பொருள், எப்படிச் செய்தது, திருகுத் துளைக்குள் கட்டை நசுங்காமல் தாங்கும் உலோகக் குழாயான பில்லர் உண்டா, ஒன்றுமே இருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது.

குறைந்த விலை ரைபிள்களோடு வருவது பெரும்பாலும் அந்த ஊற்றிய பிளாஸ்டிக். மழை அதை ஒன்றும் செய்யாது, சரி. ஆனால் முன்கட்டையின் நுனியைக் கட்டைவிரலால் குழலை நோக்கி அழுத்திப் பாருங்கள். பல மாடல்களில் வளைந்துபோய்க் குழலைத் தொட்டுவிடும். சுடும்போது குழல் அதிரும். கட்டை அதைத் தொடும் இடமும் அழுத்தமும் வெடிக்கு வெடி மாறினால் அந்த அதிர்வும் மாறும். மணல் பை மேல் வைத்துச் சுட்டால் ஓரிடம், பைபாட் என்ற இரண்டு கால் தாங்கியை மாட்டினால் வேறிடம், ஸ்லிங் என்ற தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கினால் இன்னோரிடம் என்று குண்டு அலைவது இதனால்தான்.

சோதிக்கச் சொல்பவர்களும் பாதிதான் சொல்கிறார்கள். தாளை இரண்டாக மடித்துக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் விட்டு, குழலின் பின்முனை பொருந்தும் ரிசீவர் வரை ஓட்டு, ஓடினால் போதும் என்கிறார்கள். போதவே போதாது! பைபாடை மாட்டி, உடம்பின் பாரத்தை முன்னே சாய்த்து, அந்த நிலையில் தாளை ஓட்டுங்கள். ஸ்லிங்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தும் ஓட்டுங்கள். அப்போது சிக்கினால் அந்த இடைவெளி வேட்டைக்கு உதவாது. உடனே உப்புத்தாளை எடுத்துக் குழல் உட்காரும் பள்ளத்தைத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்கச் சுவர் மெலிந்து இன்னும் வளையும். முன்கட்டையின் உள்ளே இருக்கும் அறைகளில் கார்பன் குச்சியோ அலுமினியக் குச்சியோ வைத்து எப்பாக்ஸி ஊற்றி விறைப்பாக்க வேண்டும். இந்த வகைப் பிளாஸ்டிக்கில் எப்பாக்ஸி லேசில் ஒட்டாது. 80ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, 3 மி.மீ. துளைகளைச் சாய்வாக, ஆழமில்லாமல் போட்டால்தான் அது கவ்வி நிற்கும். பின்கட்டை உள்ளீடற்றிருந்தால் ஒரு முள்செடி உரசினாலே பறை மாதிரி ஒலிக்கும். அதை நுரைத் துண்டுகளால் அடைத்துவிடலாம், எடை கூடாது.

இப்போது லேமினேட். இது அழகுக்காகப் பிறந்தது என்று சொல்வதைக் கேட்டால் ஆத்திரம்தான் வருகிறது. ஜெர்மனியின் கார்98கே ராணுவ ரைபிளில் 1930களின் பிற்பகுதியிலேயே லேமினேட் கட்டை வந்துவிட்டது. சுமார் 1.6 மி.மீ. தடிமனுள்ள மரத்தாள்களை, பெரும்பாலும் பிர்ச், பசையிட்டு அழுத்தத்தில் ஒட்டுகிறார்கள். ஒரு தாள் முறுக முயன்றால் பக்கத்துத் தாளும் பசையும் பிடித்துக்கொள்ளும். ஒற்றை மரக்கட்டையைவிட இது நிலையாக நிற்பது அதனால்தான். அதற்காக 'தண்ணீரே ஏறாது' என்பதும் பொய். தோளில் படும் ரப்பர் மெத்தையான ரீகாயில் பேடைக் கழற்றிப் பாருங்கள், பல கட்டைகளில் அங்கே வெறும் மரம் தெரியும். மேகசின் வெட்டு, திருகுத் துளை, ஸ்லிங் கொக்கியின் துளை, குழல் பள்ளம் எல்லாம் தண்ணீர் ஏறும் வாசல்கள். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, 220ஆம் எண் தாள் போட்டு, பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிசாக மூன்று பூச்சு கொடுங்கள். பூச்சு சேர்ந்தால் பள்ளம் குறுகும், தாளை மறுபடி ஓட்டிப் பார்க்க மறக்காதீர்கள்.

லேமினேட்டின் உண்மையான குறை எடை. ஊற்றிய பிளாஸ்டிக்கைவிட அரைக் கிலோ வரை கூடலாம், கார்பன் ஃபைபரோடு ஒப்பிட்டால் இன்னும் கூடுதல். ஆனால் 3.2 கிலோ ரைபிள் 3.7 ஆகும்போது உதையின் ஆற்றல் ஏறக்குறைய 14 சதவீதம் குறைகிறது. மேக்னம் என்ற வலுவான தோட்டா சுடுகிறவரின் தோளுக்கு அது பெரிய விஷயம். நாள் முழுக்க மலை ஏறுகிறவருக்கு அதே அரைக் கிலோ தண்டனை. யார், எங்கே, எதைச் சுடுகிறார் என்று கேட்காமல் எப்படி ஐயா பதில் சொல்கிறீர்கள்?

எல்லாவற்றையும்விட வயிறெரிய வைப்பது திருகு விவகாரம். துப்பாக்கியைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளை எவ்வளவு முறுக்குவது என்றால், "65 இன்ச் பவுண்டு வை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அது அலுமினியச் சட்டமோ பில்லரோ உள்ள கட்டைக்கு. பில்லர் இல்லாத மரத்தில் அப்படி முறுக்கினால் இழை நசுங்கும், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ஜீரோ, அதாவது ஸ்கோப் குறியும் குண்டு படும் இடமும் பொருந்தும் நிலை, நகரும். அங்கே 35 முதல் 40 போதும், தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. லேமினேட் வாங்கினால் பில்லர் போட்டு, உலோகப் பாகம் அசையாமல் உட்கார எப்பாக்ஸியால் படுக்கை வார்க்கும் பெட்டிங்கைச் செய்துவிடுங்கள். உதையைக் கட்டைக்குக் கடத்தும் உலோகப் புடைப்பான ரீகாயில் லக்கின் முன்புறம், பக்கங்கள், அடிப்பகுதி மூன்றுக்கும் ஒரு சுற்று டேப், பின்புறம் மட்டும் வெறுமையாக. உலோகம் முழுக்க, திருகு மரை உட்பட, ஒட்டாமல் விடுவிக்கும் பூச்சு இரண்டு தடவை. ஓரிடம் விட்டுப்போனாலும் துப்பாக்கியின் இயக்கப் பகுதியான ஆக்‌ஷன் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க இறுக விட்டுவிட்டுக் கழற்றுங்கள். பிறகு முன் திருகைத் தளர்த்தும்போது குழல் 0.1 மி.மீ.க்கு மேல் எழும்பினால் பெட்டிங் சரியில்லை, மறுபடி செய்யுங்கள்.

அடுத்த முறை வாங்கப் போகும்போது நிறத்தையும் பெயரையும் விட்டுவிட்டு, இரண்டு திருகையும் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அந்த ரைபிள் அங்கேயே இருக்கட்டும்.