அது திருஷ்டி பொம்மை இல்லை!

அடிமுறை என்ற தற்காப்புக் கலையில் அடித்துப் பழக, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி நான் செய்த பயிற்சிப் பொம்மை, தக்கலைக்குப் பக்கத்தில் பாதி கட்டிய ஒரு வீட்டின் முன்னால் மீசையோடு நிற்கிறது. பத்து நாள் வெளியூர் வேலை முடிந்து வரும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப ஓடினேன்.

என்னுடையதேதான்! லாரி டயருக்குள் சிமெண்ட் ஊற்றி நட்டிருந்த தென்னந்தடி. டயரைத் தூக்க முடியவில்லை போலிருக்கிறது, முழங்கால் உயரத்தில் கோடாலியால் தறித்து எடுத்து வந்திருக்கிறார்கள். நான் செதுக்கிய புளியங்கொம்புக் கைகளில் ஒன்றில் கிழிந்த சட்டை. முகத்தில் கரி மீசை. கன்னத்தில் சுண்ணாம்புப் பொட்டு.

அது என்ன பாடுபட்டு வந்தது தெரியுமா? முதலில் சாக்கில் மணலை நிரப்பித் தொங்கவிட்டேன். இரண்டே வாரத்தில் மணல் இறங்கி அடியில் கல்லாக இறுகிவிட்டது. விரல்முட்டித்தோல் உரிந்ததுதான் மிச்சம். பிறகுதான் தடியைச் சுற்றிக் தேங்காய்க் கதம்பை நார், அதன்மேல் தையல் கடைத் துணித்துண்டுகள், அதற்கும் மேல் சாக்கு, கடைசியில் பழைய சைக்கிள் டியூபை இழுத்து இழுத்துச் சுற்றினேன். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்றிருக்கும் நம் ஊரில் நார் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதற்காக நள்ளிரவில் எழுந்து தார்ப்பாய் போட்டிருக்கிறேன்.

அடிபட்டால் ஆபத்தான உடல் புள்ளிகள்தான் வர்மம்; அந்த 108இல் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12. அவற்றைத்தான் முதலில் சிவப்புப் பெயிண்டில் குறித்தேன். அடிமுறை சொல்லித்தரும் ஆசானே வந்து பார்த்து, இரண்டு புள்ளிகளை விரல் வைத்துத் திருத்திக் கொடுத்தார். அதில் திலர்த காலம் என்ற புள்ளி, இரு புருவத்துக்கும் நடுவில். சரியாக அந்தப் புள்ளியில் மூன்று அங்குல ஆணியை இறக்கி, எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்!

வீடு கட்டுகிறவர் வேறு யாருமில்லை, சித்தப்பாதான். "சும்மாதானே நின்றது மக்களே, உன் அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன்" என்றார். சும்மாவா? தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அதன் முன்னால் வியர்வை சிந்துகிறவனிடமா சும்மா என்கிறார்? "ஒரு கட்டைக்காகவா இப்படிக் குதிக்கிறாய்? கிரகப்பிரவேசம் முடிந்ததும் எடுத்துக்கொள்" என்று சமாதானம் வேறு. தறித்த காலை யார் ஒட்டித் தருவது?

அடிமுறை வேரோடிய குமரி மாவட்டம் இது. போன வருடம் தோள்பட்டை பிசகித் தூங்க முடியாமல் கிடந்தபோது சித்தப்பா ஓடியது இதே ஆசானிடம்தான். அவர் தடவி எடுத்ததும் "கைராசிக்காரர்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்தக் கைக்கு அந்த வித்தை களரியில் அடித்துப் பழகாமலா வந்தது? பயிற்சிக்கு நிற்கிற பொம்மைக்கும் திருஷ்டி கழிக்க நிற்கிற பொம்மைக்கும் இங்கே பிறந்தவருக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆணியைப் பிடுங்கலாம் என்று ஏறுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். சுவரோரம் ஓர் ஏணி சாய்ந்து நின்றது. சித்திரையில் "ஒரே நாள்" என்று சொல்லி வாங்கிப்போன என் ஏணி! அதிலும் இரண்டு படிகளைக் காணவில்லை.