ஸ்பை என்பது சின்ன எஸ்பிஎக்ஸ் இல்லை

"எஸ்பிஎக்ஸ் பெருசு, ஸ்பை சிறுசு, மற்றபடி ரெண்டும் ஒண்ணுதான்." அமெரிக்க ஆப்ஷன் சந்தைக்குப் புதிதாக வரும் பலர் இந்த நினைப்போடுதான் வருகிறார்கள். குறித்த விலையில் வாங்கவோ (கால்) விற்கவோ (புட்) உரிமை தருவது ஆப்ஷன்; அந்த விலை ஸ்ட்ரைக், உரிமைக்குக் கொடுக்கும் தொகை பிரீமியம். எஸ்பிஎக்ஸ் நேரடியாகக் குறியீட்டின் மீதான ஆப்ஷன்; ஸ்பை அதே குறியீட்டைப் பின்தொடர்ந்து பங்கு போலவே கைமாறும் நிதி (ஈடிஎஃப்). ஆப்ஷன் செயினை (எல்லா ஸ்ட்ரைக்கும் விலையும் கொண்ட பட்டியலை) பார்த்தால் அப்படித்தான் தெரியும். எஸ்&பி 500 குறியீடு 6000-ல் இருந்தால் ஸ்பை ஈடிஎஃப் 600-ஐ ஒட்டி நிற்கும். 2022 முதல் இரண்டிலும் வாரத்தின் ஐந்து வர்த்தக நாளும் எக்ஸ்பைரி (ஆப்ஷன் காலாவதியாகும் நாள்) உண்டு. சார்ட்டும் ஒரே மாதிரிதான் ஆடும். வேறுபாடு தெரிவது எக்ஸ்பைரி அன்று நியூயார்க் நேரம் மாலை நாலு மணிக்கு மேல்தான்.

எஸ்பிஎக்ஸ் ஐரோப்பிய வகை, பணத்தில் கணக்கு முடிவது. எக்ஸ்பைரிக்கு முன்னால் யாரும் எக்ஸர்சைஸ் செய்ய, அதாவது உரிமையைப் பயன்படுத்த, முடியாது; முடிந்ததும் வித்தியாசத் தொகை கணக்கில் ஏறும், அல்லது இறங்கும். நிஃப்டி ஆப்ஷனில் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஸ்பை ஆப்ஷன் அமெரிக்க வகை. வாங்கியவர் எந்த நாளும் எக்ஸர்சைஸ் செய்யலாம். கை மாறுவது பங்கு, ஒரு கான்ட்ராக்டுக்கு 100 யூனிட்.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஸ்பையில் 600 புட் விற்று 595 புட் வாங்கி, 10 ஸ்பிரெட் போட்டிருக்கிறீர்கள். காகிதத்தில் அதிகபட்ச நஷ்டம் 5,000 டாலர், அதிலும் வாங்கிய பிரீமியத்தைக் கழிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஸ்பை 600.15-ல் மூடுகிறது. இரண்டு புட்டும் காலி, பிரீமியம் நமக்கே என்று கணினியை மூடிவிட்டுப் போகிறீர்கள். ஆனால் ஸ்பை யூனிட் நாலு மணிக்குப் பிறகும் கைமாறிக்கொண்டே இருக்கும். புட்டை வைத்திருப்பவருக்கு எக்ஸர்சைஸ் செய்ய 5:30 வரை நேரம் உண்டு. 5 மணிக்கு ஏதோ ஒரு செய்தியில் ஸ்பை 597-க்கு இறங்கினால், 600 புட் வைத்திருப்பவர் சும்மா இருப்பாரா? உங்கள் கணக்கில் 1,000 யூனிட் வந்து விழும், 6 லட்சம் டாலர் மதிப்புக்கு. காப்பாக வாங்கி வைத்த 595 புட் அதற்குள் காலாவதி. திங்கள் காலை 588-ல் திறந்தால் நஷ்டம் 12,000 டாலர். 5,000 தாண்டாது என்று நினைத்த ஸ்பிரெட் அது.

இதே அமைப்பு எஸ்பிஎக்ஸில் 6000/5950 ஆக இருந்தால் நாலு மணி மூடும் விலையோடு கதை முடிந்தது. அதன்பின் சந்தை எங்கே போனாலும் உங்களுக்குச் சம்பந்தமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கணக்கில் எடுப்பது கடைசி நேர ஏலத்தில் பங்குகள் மூடும் விலையிலிருந்து வரும் குறியீடு. 3:59-க்குத் திரையில் தெரிந்த எண்ணிலிருந்து ஓரிரு புள்ளி தள்ளி அது முடியலாம். ஸ்ட்ரைக்குக்கு அரைப் புள்ளி இந்தப் பக்கம் இருக்கிறோம் என்று நிம்மதி அடைய வேண்டாம்.

ஸ்பையில் விற்றே ஆக வேண்டுமென்றால், ஸ்ட்ரைக்கை ஒட்டி நிற்கும் விற்ற லெக்கை (ஸ்பிரெட்டில் விற்ற பகுதியை) மூடாமல் எக்ஸ்பைரியைக் கடக்காதீர்கள். 5 சென்ட் கொடுத்து வாங்கி மூடினால் 10 கான்ட்ராக்டுக்கு 50 டாலர். அந்த ஐம்பதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலருக்கு மேலே சொன்னது நடக்கிறது.

அடுத்தது டிவிடெண்ட். குறியீட்டுக்கு டிவிடெண்ட் கிடையாது, ஸ்பைக்கு உண்டு. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் மூன்றாவது வெள்ளிதான் வழக்கமாக எக்ஸ்-டேட் (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது). அதற்கு முந்தைய வியாழன், நீங்கள் விற்ற கால் ஆப்ஷன் நன்றாக உள்ளே போயிருந்தால், அதாவது ஸ்பை அதன் ஸ்ட்ரைக்கைவிட வெகுவாக மேலே இருந்தால், அதே ஸ்ட்ரைக் புட்டின் விலையைப் பாருங்கள். டிவிடெண்ட் 1.80 டாலர், புட் 0.40 என்றால், கால் வைத்திருப்பவர் எக்ஸர்சைஸ் செய்து டிவிடெண்டை எடுத்துக்கொள்வதே அவருக்கு லாபம். மறுநாள் உங்கள் கணக்கில் 100 யூனிட் ஷார்ட் (கையில் இல்லாமலே விற்ற நிலை), கூடவே 180 டாலர் டிவிடெண்ட் கடன். புட் விலை டிவிடெண்டைவிடக் குறைவு என்றால் வியாழனே மூடிவிடுங்கள், அல்லது அடுத்த எக்ஸ்பைரிக்குத் தள்ளுங்கள். பாக்ஸ் ஸ்பிரெட் (இரண்டு ஸ்ட்ரைக்கில் காலும் புட்டுமாக நாலு லெக் சேர்த்துக் கட்டுவது) போடுபவர்கள் ஸ்பை பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஒரு லெக் அசைன் ஆனால், அதாவது எதிர்த்தரப்பு எக்ஸர்சைஸ் செய்து அது உங்கள் தலையில் விழுந்தால், பெட்டியே உடைந்துவிடும்.

இதனால் எஸ்பிஎக்ஸில் பொறியே இல்லை என்று ஆகிவிடாது. மூன்றாவது வெள்ளிக்கான செயினைத் திறந்தால் ஒரே தேதியில் இரண்டு வரிசை தெரியும்: எஸ்பிஎக்ஸ், எஸ்பிஎக்ஸ்டபிள்யூ. மேலே சொன்ன நாலு மணிக் கணக்கு எஸ்பிஎக்ஸ்டபிள்யூவுக்குத்தான்; முதலாவது காலைக் கணக்கு. அதன் வர்த்தகம் வியாழனோடு முடிகிறது. வெள்ளி காலை ஒவ்வொரு பங்கும் திறக்கும் விலையைக் கோத்துத் தனியாக ஒரு எண் கணக்கிடுவார்கள். எல்லாப் பங்கும் ஒரே நொடியில் திறப்பதில்லை. அதனால் அந்த எண் அன்று திரையில் ஓடிய குறியீட்டின் உச்சத்துக்கு மேலேயோ அடிக்குக் கீழேயோகூட இருக்கலாம். வியாழன் இரவு சந்தை திரும்பினாலும் உங்களால் வெளியேற முடியாது. குறுகிய கால வர்த்தகத்துக்கு எஸ்பிஎக்ஸ்டபிள்யூ மட்டும் போதும்.

செலவு விஷயத்தில் பொதுவாகச் சொல்வது பாதிதான் சரி. "ஸ்பையில் ஒரு சென்ட் வித்தியாசம், எஸ்பிஎக்ஸில் பத்து சென்ட்" என்பார்கள், வாங்குபவர் கேட்கும் விலைக்கும் (பிட்) விற்பவர் கேட்கும் விலைக்கும் (ஆஸ்க்) நடுவில் உள்ள இடைவெளியைச் சொல்லி. ஆனால் ஒரு எஸ்பிஎக்ஸுக்குச் சமம் பத்து ஸ்பை. பத்து கான்ட்ராக்டில் ஒரு சென்ட் என்பது 10 டாலர். ஒரு எஸ்பிஎக்ஸில் பத்து சென்ட்டும் அதே 10 டாலர்தான். கமிஷன் கான்ட்ராக்டுக்கு 65 சென்ட் என்று வைத்தால் பத்து ஸ்பைக்கு 6.50. எஸ்பிஎக்ஸில் எக்ஸ்சேஞ்ச் கட்டணம் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை டாலருக்குள் முடிந்துவிடும்.

கணக்கு சிறியது, எஸ்பிஎக்ஸ் தாங்காது என்பவர்களுக்கு: 5 புள்ளி அகல ஸ்பிரெட்டின் ரிஸ்க் இரண்டிலும் அதே 500 டாலர். ஆனால் குறியீட்டில் 5 புள்ளி என்பது ஸ்பையில் அரை டாலர் நகர்வு. அவ்வளவு குறுகலான ஸ்பிரெட் கிட்டத்தட்ட பூவா தலையா. 1.50 பிரீமியம் வாங்கி, நுழையும்போது பத்து சென்ட், வெளியேறும்போது பத்து சென்ட் விட்டு, நாலு லெக் கட்டணமும் சேர்ந்தால் 150-ல் 25 டாலர் காணாமல் போகும். நடுவழியாக எக்ஸ்எஸ்பி உண்டு: பத்தில் ஒரு பங்கு அளவு, ஐரோப்பிய வகை, பணக் கணக்கு. ஸ்பை அளவுக்கு அதில் கூட்டம் இல்லை; லிமிட் ஆர்டரை (நாமே விலை குறித்துக் கொடுக்கும் ஆர்டர்) நடுவிலையில் வைத்துப் பொறுமையாக இருக்க வேண்டும். மார்க்கெட் ஆர்டர் போடவே போடாதீர்கள்.

வரி: எஸ்பிஎக்ஸ், எக்ஸ்எஸ்பி இரண்டும் அமெரிக்க வரிச் சட்டத்தின் 1256 பிரிவில் வரும். அரை மணி நேரம் வைத்திருந்தாலும் லாபத்தில் 60 சதவீதம் நீண்ட கால வரியில், 40 சதவீதம் குறுகிய கால வரியில். 24 சதவீத வரம்பில், நீண்ட கால வரி 15 சதவீதமாக இருப்பவருக்குச் சராசரி 18.6. அதாவது 10,000 டாலர் லாபத்தில் கூட்டரசு வரி 2,400-க்குப் பதில் 1,860. ஸ்பை ஆப்ஷனைப் புரோக்கர்கள் சாதாரணக் குறுகிய காலக் கணக்கில்தான் காட்டுகிறார்கள். வாஷ் சேல் (நஷ்டத்தில் விற்றுச் சீக்கிரமே திரும்ப வாங்கினால் அந்த நஷ்டத்தை உடனே கழிக்க விடாத விதி) தலைவலியும் கூடவே வரும். மறுபக்கம், 1256-ல் டிசம்பர் 31 அன்று மூடாத பொசிஷனும் அன்றைய விலையில் விற்றதாகவே கணக்கு. ஐஆர்ஏ என்னும் வரிச் சலுகை உள்ள ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கில் விளையாடுபவருக்கு இந்தப் பத்தியே தேவையில்லை.

என் கருத்தில், விற்பவருக்கு எஸ்பிஎக்ஸ்டபிள்யூ, பணம் குறைவென்றால் எக்ஸ்எஸ்பி. ஆப்ஷனை வாங்கி அன்றே வெளியேறுபவருக்கு அசைன்மென்ட் பயமே இல்லை. ஒன்று இரண்டு கான்ட்ராக்ட் என்றால் ஸ்பையின் ஒரு சென்ட் வித்தியாசம்தான் வசதி. யூனிட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவர்ட் கால் விற்பவருக்கும் ஸ்பைதான். நாஸ்டாக் 100-ல் நிலைமையே வேறு. அந்தக் குறியீடான என்டிஎக்ஸ் 20,000-ல் இருந்தால் ஒரே கான்ட்ராக்ட் 20 லட்சம் டாலர் மதிப்பு, பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுவில் லாரியே போகலாம். அங்கே வரிச் சலுகையை மறந்துவிட்டு அதன் ஈடிஎஃபான க்யூக்யூக்யூவை எடுங்கள், விற்ற லெக்கை நாலு மணிக்கு முன் மூடிவிடுங்கள்.