அந்த அணிலை ராட்சதன் ஆக்காதீர்கள்

மேற்கு, நடு ஆப்பிரிக்க மழைக்காடுகளில் வாழும் ஓர் அணிலைப் பற்றித் தமிழில் எப்போதாவது யாராவது எழுதுகிறார்கள். எழுதும்போதெல்லாம் 'ராட்சத அணில்' என்றே எழுதுகிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. ஆங்கிலப் பெயரில் இருக்கும் 'ஜயன்ட்' என்ற சொல்லை அப்படியே தூக்கி வைத்தால் போதுமா?

முதலில் உருவத்தைப் பாருங்கள். தலையும் உடலும் சேர்ந்து ஏறக்குறைய ஓரடிதான். வாலும் ஏறக்குறைய அதே நீளம். நன்றாக வளர்ந்தாலும் எடை ஒரு கிலோவுக்குள்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மலையணில் இதைவிடப் பெரியது. அதையே நாம் மலையணில் என்று அழகாகத்தான் சொல்கிறோம். அதைவிடச் சின்ன உயிருக்கு எதற்கு ராட்சதப் பட்டம்?

அதன் அறிவியல் பெயர் புரோட்டோசெரஸ் ஸ்டேஞ்சரி. ஸ்டேஞ்சர் யார் என்று தேடப் போனபோது கிடைத்த கதை என்னை விடவே இல்லை.

1841-இல் பிரிட்டிஷ் அரசு நைஜர் ஆற்றில் மூன்று நீராவிக் கப்பல்களை அனுப்பியது. அடிமை வணிகத்தை ஒழிக்க உடன்படிக்கைகள் போடுவது நோக்கம். ஆற்றுக்குள் போனதும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஐரோப்பியர்களில் பெரும்பாலானோர் படுத்துவிட்டார்கள், நாற்பது பேர் அளவில் செத்துப்போனார்கள். ஆல்பர்ட் என்ற கப்பலில் ஓட்டுவதற்கே ஆளில்லாத நிலை. அப்போது மருத்துவர் மக்வில்லியம் கப்பலைச் செலுத்த, மண்ணியல் ஆய்வுக்காக வந்திருந்த வில்லியம் ஸ்டேஞ்சர் ஒரு புத்தகத்தைப் பார்த்து நீராவி எந்திரத்தை இயக்கக் கற்றுக்கொண்டார். அப்படித்தான் கப்பல் கடலுக்குத் திரும்பியது. ஃபெர்னாண்டோ போ, அதாவது இன்றைய பியோகோ தீவிலிருந்து கிடைத்த இந்த அணிலுக்கு 1842 வாக்கில் லண்டனில் விலங்கியலாளர் வாட்டர்ஹவுஸ் ஸ்டேஞ்சரின் பெயரை வைத்தார்.

ஸ்டேஞ்சர் பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தலைமை நில அளவையாளர் ஆனார். 1854-இல் இறந்தார். பின்னாளில் அங்கே ஓர் ஊருக்கும் ஸ்டேஞ்சர் என்றே பெயர் வைத்தார்கள். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்குப் போனதே, அதிலும் அதற்கு அடுத்த கப்பல்களிலும் போன நம் கூலித் தொழிலாளர்கள் கரும்பு வெட்டிய பகுதி அது. இன்றும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற ஊர். அந்த இடம் அதற்கு முன்பே சூலு மன்னர் ஷாகாவின் தலைநகர் டுகுசாவாக இருந்தது. 2006-இல் ஊர் குவாடுகுசா என்ற பெயருக்குத் திரும்பிவிட்டது. அணில் மட்டும் இன்னும் ஸ்டேஞ்சரைச் சுமந்துகொண்டு திரிகிறது!

சரி, அறிவியல் பெயரை நாம் மாற்ற முடியாது, அதற்கு விதிகள் உண்டு. எந்திரம் ஓட்டிய அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் தமிழில் பெயர் வைக்க நமக்கு எந்தத் தடையும் கிடையாது. அதன் வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக இருக்கும். வயிற்றில் முடி மிகக் குறைவு. எண்ணெய்ப்பனைக் கொட்டைகளையும் வேறு பல கடினமான காட்டுக் கொட்டைகளையும் கடித்து உடைத்துத் தின்னும். உயரமான மரக்கிளைகளிலேயே வாழ்வதால் கண்ணில் படுவதைவிடக் காதில் விழுவதுதான் அதிகம். காபோனில் ஒரே காட்டில் ஒன்பது வகை அணில்கள் எப்படிப் பங்குபோட்டுப் பிழைக்கின்றன என்று விலங்கியலாளர் லூயிஸ் எமன்ஸ் 1980-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அந்த ஒன்பதில் கட்டைவிரல் அளவுக் குட்டி அணிலும் உண்டு, இந்த மேல்கிளைக்காரரும் உண்டு.

'எண்ணெய்ப்பனை அணில்' என்று முதலில் நினைத்தேன். அப்புறம் வேண்டாமென்று விட்டேன். எண்ணெய்ப்பனை என்றதும் காட்டை அழித்து நட்ட தோட்டம்தான் இன்று நம் கண்முன் வருகிறது. இதற்கோ காடு வேண்டும். 'வளையவால் அணில்' என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பார்த்தவுடன் அடையாளம் சொல்கிற பெயர்.

ஆனால் அந்தக் காட்டோரத்து மக்கள் அதை ஆண்டாண்டாக ஏதோ ஒரு பெயரில் அழைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். கானாவிலும் கேமரூனிலும் காபோனிலும் வேலை பார்க்கிற நண்பர்களே, உங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த மொழி, எந்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல பெயராகக் கிடைத்தால் என் 'வளையவாலை' மகிழ்ச்சியோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.