பிஎஃப்பில் நிறுவனத்தின் பங்கு 550 ரூபாய் மட்டுமா?

ஓசூர் சிப்காட் நிறுவனங்கள் தொழிலாளியின் சம்பளத்தில் 1,800 ரூபாயைப் பிஎஃப்புக்குப் பிடித்துவிட்டுத் தம் பங்காக 550 ரூபாய் மட்டுமே கட்டுவதாக இங்கே சிலர் பகிர்ந்து வருகிறார்கள். அன்புகூர்ந்து கணக்கைச் சற்றுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால், நிறுவனம் செலுத்த வேண்டிய 12 சதவீதமும் அதே 1,800 ரூபாய்தான், அதில் 8.33 சதவீதமான 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குத் தனியே போய்விடுவதால், பாஸ்புக்கில் நிறுவனப் பங்கு என்ற கட்டத்தில் மீதி 550 மட்டுமே தெரிகிறது. பார்ப்பவரைக் குழப்பும் அமைப்புதான், மறுப்பதற்கில்லை.

யுஏஎன் எனப்படும் உங்கள் பிஎஃப் உறுப்பினர் எண்ணைக் கொண்டு, அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து, அந்த 550-உடன் பக்கத்திலுள்ள ஓய்வூதியத் தொகையையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை உங்களிடம் பிடித்ததைவிடக் குறைந்திருந்தாலோ, ஏதேனும் மாதம் விடுபட்டிருந்தாலோ, அப்போது வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் அளிக்கலாம்.