பிடில் நீரோவை விடுங்கள், தண்ணீர்க் கணக்கு பார்த்த ஃபிரன்டினஸ் கதைக்கு வாருங்கள்

ரோமாபுரி என்றதும் நம் ஆட்கள் வாயில் முதலில் வருவது "ரோம் எரிந்தபோது பிடில் வாசித்த நீரோ"தான். எந்தக் கட்சி ஆண்டாலும் எதிர்க்கட்சிக்காரர் யாராவது வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லிவிடுவார். கி.பி. 64-ல் தீப்பிடித்தபோது நீரோ ஊரிலேயே இல்லை, அன்டியம் என்ற வேறு ஊரில் இருந்தான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார். பிடில் என்ற வாத்தியம் வருவதற்கே இன்னும் பல நூற்றாண்டுகள் ஆக வேண்டியிருந்தது. சரி, போகட்டும். நீரோவை விட்டால் கிளாடியேட்டர், கொலோசியம், கத்திக்குத்து வாங்கிய சீசர். தமிழில் எழுதுபவர்கள் கூடவே அரிக்கமேடு, மிளகு, யவனர் என்று ஒரு பத்தி சேர்ப்பார்கள். நானும் ரசித்துப் படித்தவன்தான். ஆனால் ரோம் விட்டுப்போனதிலேயே பெரியது எது என்று என்னைக் கேட்டால் அதன் தண்ணீர் இலாகா என்றுதான் சொல்வேன். சிரிக்காமல் கொஞ்சம் கேளுங்கள்.

கி.பி. 97-ல் பேரரசர் நெர்வா, செக்ஸ்டஸ் ஜூலியஸ் ஃபிரன்டினஸ் என்பவரை ரோம் நகரத் தண்ணீருக்குப் பொறுப்பாளராகப் போடுகிறார். இவர் சாதாரண ஆள் இல்லை, பிரிட்டனுக்கு ஆளுநராக இருந்து வேல்ஸ் பக்கம் படை நடத்தியவர். அவ்வளவு பெரிய மனிதருக்கு வயதான காலத்தில் குழாய்களையும் தொட்டிகளையும் பார்த்துக்கொள்கிற வேலை. நம் ஊராக இருந்தால் "டம்மி போஸ்டிங்" என்று பேசியிருப்போம். அவர் அப்படி நினைக்கவில்லை. கீழே வேலை பார்க்கிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஒருவன் தன் பதவியை நடத்துவதைப் போலக் கேவலம் வேறு இல்லை என்று எழுதிவிட்டு, தனக்காகவே ஒரு கையேடு தயாரிக்கிறார். அதுதான் இன்றைக்கும் நம் கையில் இருக்கிறது. 1429-ல் மோன்டே காசினோ மடத்தில் போஜ்ஜோ என்ற இத்தாலிய அறிஞர் அதன் பிரதியைக் கண்டெடுத்திருக்காவிட்டால் அதுவும் போயிருக்கும்.

அந்தக் கையேட்டில் எனக்குப் பிடித்த இடம் கணக்கு உதைக்கிற இடம். அப்போது ரோமுக்கு 9 கால்வாய்கள் தண்ணீர் கொண்டுவந்தன. அரசாங்கப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கிறார். தண்ணீரை அவர்கள் குயினாரியா என்ற அளவில் சொல்வார்கள், ஒரு குறிப்பிட்ட அளவுக் குழாயில் வருகிற தண்ணீர். பதிவேட்டின்படி ஊருக்கு வந்தது 12,755 குயினாரியா. ஊருக்குள் பிரித்துக் கொடுத்தது 14,018. வந்ததைவிட கொடுத்தது 1,263 அதிகம்! இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலான அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போயிருப்பார்கள். இவர் கால்வாய்கள் தொடங்குகிற இடத்துக்கே போய் அளந்து பார்க்கிறார். பதிவேட்டில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் குயினாரியா கூடுதலாக உள்ளே வருகிறது. அவ்வளவும் எங்கே போகிறது?

போகிற வழியெல்லாம் திருட்டுதான். வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பேரரசரிடமிருந்து தனிப்பட அனுமதி வாங்க வேண்டும். வீட்டை விற்றால் அந்த அனுமதி வீட்டை வாங்கியவருக்குப் போகாது, அவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அனுமதித்த அளவுக்கு ஏற்ற வெண்கல வாயை, அதாவது குழாய் மாட்டுகிற முனையை, தொட்டியில் பதித்து முத்திரை அடிப்பார்கள். அந்த வாய்க்கு அப்புறம் 50 அடி தூரத்துக்கு அதே அளவுக் குழாய்தான் போட வேண்டும் என்று விதி. தண்ணீர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், முத்திரையே இல்லாத பெரிய வாயை வைத்தார்கள். அல்லது வாய் சரியான அளவில் இருக்கும், அதை ஒட்டியே பெரிய குழாயை மாட்டிவிடுவார்கள், இழுவை கூடிவிடும். வீடு கைமாறும்போது புது ஆளுக்குத் தொட்டியில் புதுத் துளை போட்டுவிட்டு, பழைய துளையை மூடாமல் தாங்களே அந்தத் தண்ணீரை விற்றார்கள். தெருக்கற்களுக்கு அடியில் ரகசியக் குழாய்கள், அதற்கென்றே 'துளைக்காரன்' என்று ஓர் ஆள். ஒழுக்கக்கேடான இடங்களில்கூட நிற்காமல் தண்ணீர் கொட்டியதாகப் பெருமூச்சு விடுகிறார். படிக்கப் படிக்க நம்மூர் வாட்டர்மேன் கதை மாதிரியே இருக்கும்.

கி.மு. 9-லேயே சட்டம் இருந்தது, கால்வாயை வேண்டுமென்றே துளைத்தால் ஒரு லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) அபராதம். சட்டத்துக்கு என்றைக்குப் பஞ்சம்? ஃபிரன்டினஸ் செய்தது சின்ன வேலை, ஆனால் அதுதான் வேலை. கால்வாய்களைக் கவனிக்க 700 அடிமைகள் இருந்தார்கள். தொட்டி காவலர், ரோந்து போகிறவர், கல் பாவுகிறவர், பூச்சு வேலைக்காரர் என்று பல பிரிவு. மேஸ்திரிகள் காசு வாங்கிக்கொண்டு இவர்களைத் தனியார் வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவர் வந்து, நாளைக்கு என்ன வேலை என்பதை முந்தின நாளே எழுதிக் கொடு, அன்றன்றைக்கு நடந்ததைப் பதிவேட்டில் ஏற்று என்று ஒரு விதி போட்டார். மஸ்டர் ரோல்! கி.பி. முதல் நூற்றாண்டில்!

"ரோமானியர்கள் எவ்வளவு பெரிய பொறியாளர்கள்" என்று வாய் பிளக்கிற பதிவுகளோடு எனக்குப் பிணக்கு இங்கேதான். பிரான்சில் மூன்றடுக்கு வளைவுகளோடு 49 மீட்டர் உயரத்தில் நிற்கும் போன் து கார் தொட்டிப்பாலத்தைப் பார்த்தால் யாருக்கும் வாய் பிளக்கும்தான். ஆனால் தொட்டிப்பாலம் கட்டுவதை ரோமானியர்கள் கண்டுபிடிக்கவில்லை. அசீரிய மன்னன் செனாகெரிப் கி.மு. 7-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்வானில் கல்லில் கட்டிவிட்டான். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவருவதைச் சாமோஸ் தீவில் கிரேக்கர்கள் செய்துவிட்டார்கள். அதோடு ரோமுக்கு வந்த கால்வாய்களில் பெரும்பகுதி தரைக்கு அடியில்தான் ஓடியது. மார்சியா கால்வாய் சுமார் 91 கிலோமீட்டர், அதில் 80 கிலோமீட்டர் நிலத்தடியில். போஸ்ட்கார்டில் வருகிற வளைவு மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில் ஒரு பகுதி. கட்டியதை 300 வருஷம், 400 வருஷம் ஆள் போட்டுத் தூர்வாரி, சுண்ணாம்பு அடையைச் சுரண்டி, கணக்கு எழுதி ஓடவைத்ததுதான் ரோமின் சொந்தச் சரக்கு. சுரண்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் சாட்சி இருக்கிறது. ஐஃபெல் மலையிலிருந்து கொலோன் நகரத்துக்கு வந்த கால்வாயில் படிந்திருந்த சுண்ணாம்பு அடையைப் பிற்காலத்தில் வெட்டியெடுத்து, பாலிஷ் போட்டு, தேவாலயங்களுக்குப் பளிங்குத் தூண் செய்தார்கள். அவ்வளவு தடிமன்.

இலாகா ஒழிந்தால் ஊர் என்ன ஆகும் என்பதை ரோமே பார்த்தது. கி.பி. 537-ல் விட்டிகஸ் தலைமையில் கோத்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் முற்றுகையிட்டுக் கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். ஜனிகுலம் குன்றில் கால்வாய்த் தண்ணீரில் சுற்றிய மாவு மில்கள் நின்றுவிட்டன, ஊருக்கு ரொட்டி இல்லை. ஊரைக் காத்துநின்ற தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் இரண்டிரண்டு படகுகளைக் கட்டி, நடுவில் சக்கரம் மாட்டி, ஆற்று ஓட்டத்தில் மாவு அரைக்கவைத்தார். (முந்தின வருஷம் நேப்பிள்ஸ் நகரத்துக்குள் கால்வாய் வழியாகவே ஆள் அனுப்பி ஊரைப் பிடித்தவர் இவர். அதனால் கோத்கள் வெட்டிய பிறகு ரோமின் கால்வாய்களை, யாரும் அந்த வழியாக நுழையாதபடி, கல் வைத்து அடைத்துவிட்டார்.) பேரரசர் காரகல்லா கட்டிய பிரம்மாண்டமான குளியல் மாளிகை அதோடு சரி. அப்புறம் மேட்டில் இருந்த குன்றுகள் காலியாகி, ஜனங்கள் ஆற்று வளைவை ஒட்டி இறங்கிவந்துவிட்டார்கள்.

எல்லாம் ஆஹா ஓஹோ என்று நான் சொல்லவரவில்லை. ஆனியோ பழைய கால்வாய், கி.மு. 272-ல் தொடங்கியது, பிர்ரஸ் என்ற கிரேக்க மன்னனைத் தோற்கடித்துக் கொள்ளையடித்த காசில் கட்டியது என்று ஃபிரன்டினஸே கூச்சமில்லாமல் எழுதுகிறார். உழைத்த 700 பேரில் ஒருவர் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. எகிப்தியப் பிரமிடுகளோடு எங்கள் கால்வாயை ஒப்பிட்டுப் பாருங்கள், அவை சும்மா நிற்கின்றன என்று மார்தட்டுகிறவருக்கு இது தோன்றவே இல்லை. தனி அனுமதி எல்லாம் பணக்காரனுக்குத்தான், மற்ற ஜனங்களுக்குத் தெருமுனைத் தொட்டி. பாம்பேயில் அந்தத் தொட்டிகளின் விளிம்புக் கல், தண்ணீர் பிடிக்கக் கை ஊன்றி ஊன்றிக் குழி விழுந்து கிடக்கிறது. பாம்பேய் என்றால் எரிமலைச் சாம்பலையே பேசுகிறோம். எனக்கு அந்தக் குழி போதும்.

"ஈயக் குழாயால்தான் ரோம் அழிந்தது" என்று கமென்டில் யாராவது கட்டாயம் வருவீர்கள். ஈயம் ஆகாது, மண் குழாய்தான் நல்லது என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் அப்போதே எழுதிவைத்துவிட்டார். தண்ணீர் நிற்காமல் ஓடியது, குழாய்க்குள் சுண்ணாம்பு அடை வேறு. பேரரசு விழுந்ததற்கு அதைக் காரணம் காட்ட முடியாது.

பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா கி.மு. 19-ல் திறந்த விர்கோ கால்வாய் பெரும்பாலும் நிலத்தடியில் போனதால் தப்பியது, இடையில் பல தடவை பழுது பார்த்தார்கள். ரோமில் இருக்கிற ட்ரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் அந்த வழியில்தான் இன்றும் வருகிறது. அங்கே காசு போட்டு செல்ஃபி எடுக்கிறவர்கள், மேலே சிற்பத்தில் அக்ரிப்பா கால்வாய் வேலையைப் பார்வையிடுவதையும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

ஃபிரன்டினஸ் கையேட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, சின்னதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நடுவில் 25 வகைக் குழாய் அளவுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, இதில் 15-தான் புழக்கத்தில் இருக்கிறது என்பார். அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராகத் திருட்டுக்கு வந்துவிடுங்கள்.